சுமாராகப் படிக்கிற பிள்ளைக்கும் ஒரு கோடை

அட்லாண்டாவில் மே கடைசி வாரம் பள்ளிகளை மூடினால் ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் திறப்பார்கள். அந்த இடைவெளியில் இங்குள்ள கல்லூரி வளாகங்களுக்குப் போனால் வழக்கமான மாணவர்கள் அதிகம் கண்ணில் பட மாட்டார்கள். விடுதிகளில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் குடியேறியிருப்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, எந்தக் கட்டடம் எங்கே என்று தெரியாமல் ஒரு தடுமாற்றம். அப்படி ஒரு கல்லூரியில், கறுப்பின ஹைஸ்கூல் மாணவர்களுக்காக நடக்கும் கோடைக்காலத் தலைமைப் பயிற்சியில், சில வருடங்களாக மாலை வேளைகளில் கணக்குச் சொல்லித்தருகிறேன். எல்லோரும் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் என்பதால் கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை.

சமீபத்தில் தமிழ் நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவர் கேட்டார்: "அது என்ன, அவங்களுக்கு மட்டும் தனியா? எல்லாப் பிள்ளைங்களையும் சேர்த்து நடத்தினா என்ன?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் நிறையப் பேருக்கு வரக்கூடிய கேள்விதான். சாப்பாட்டுத் தட்டோடு நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பதிலை 1944-லிருந்து தொடங்குகிறேன்.

அந்த வருடம் ஏப்ரல் மாதம், ஜார்ஜியா மாநிலத்தில் டப்ளின் என்ற ஊரில் ஒரு பேச்சுப் போட்டி நடந்தது. அட்லாண்டாவின் புக்கர் டி. வாஷிங்டன் ஹைஸ்கூலிலிருந்து பதினைந்து வயது மார்ட்டின் லூதர் கிங் போயிருந்தார். தலைப்பு, நீக்ரோவும் அரசியல் சட்டமும். போட்டி முடிந்து ஆசிரியையோடு பஸ்ஸில் திரும்பும்போது வழியில் வெள்ளைக்காரப் பயணிகள் ஏறினார்கள். எழுந்து இடம் கொடுங்கள் என்றார் டிரைவர். இவர்கள் உடனே எழவில்லை. டிரைவர் திட்டத் தொடங்கினார். கிங்குக்கு எழுந்திருக்க மனமில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஆசிரியை வற்புறுத்திய பிறகுதான் எழுந்தார். அட்லாண்டா வரை சுமார் 90 மைல் நின்றுகொண்டே வந்தார்கள். வாழ்க்கையில் அவ்வளவு கோபம் தனக்கு எப்போதும் வந்ததில்லை என்று பல வருடங்களுக்குப் பிறகு அவர் சொன்னார். அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டு வருகிற பையனுக்கு அன்று மாலையே நடந்தது இது.

அது போர்க்காலம். வயது வந்த ஆண்கள் எல்லோரும் ராணுவத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால் ஆண்கள் கல்லூரியான மோர்ஹவுஸில் மாணவர்களே இல்லாமல் போகும் நிலை. கல்லூரியின் தலைவர் பெஞ்சமின் மேஸ் ஒரு முடிவெடுத்தார்: பதினோராம் வகுப்பு முடித்த பையன்களும் நுழைவுத் தேர்வில் தேறினால் நேரே கல்லூரியில் சேரலாம். கிங் அப்படித்தான் உள்ளே வந்தார். சேர்வதற்கு முந்தைய கோடையில் மோர்ஹவுஸ் மாணவர்களோடு ரயிலேறி, கனெக்டிகட் மாநிலத்தில் சிம்ஸ்பரி என்ற ஊருக்குப் போனார். அங்கே சுருட்டுக்கு மேலே சுற்றுகிற இலை விளையும் புகையிலைத் தோட்டங்கள் உண்டு. வெயில் நேராகப் படாமல் வயல் முழுவதையும் துணிப் பந்தல் போட்டு மூடி வளர்ப்பார்கள். போர் காரணமாக அங்கே ஆள் பற்றாக்குறை. மாணவர்கள் கோடை முழுவதும் வேலை செய்வார்கள்; கூலி கல்லூரிக் கட்டணத்துக்குப் போகும்.

அன்றைக்கு யாரும் இதைத் தலைமைப் பயிற்சி என்று அழைத்திருக்க மாட்டார்கள். கூலி வேலைதான். ஆனால் அந்த ஜூன் மாதம் கிங் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றன. எனக்கு அவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பிடிக்கும். எழுத்துப் பிழைகள் உள்ள, அவசரமாக எழுதிய, சாதாரணப் பையனின் கடிதங்கள். காலையில் ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டும், வேலை சுலபம், தான் சமையல்கூடத்தில் வேலை செய்வதால் நல்ல சாப்பாடு கிடைக்கிறது என்று அப்பாவுக்கு எழுதுகிறார். வாஷிங்டன் தாண்டிய பிறகு பாகுபாடே இல்லை, எங்கே வேண்டுமானாலும் போகிறோம், எங்கே வேண்டுமானாலும் உட்காருகிறோம் என்று எழுதுகிறார். ஹார்ட்ஃபர்ட் நகரத்தில் ஒரு நல்ல உணவகத்தில் சாப்பிட்டதை எழுதும்போது, தன் இனத்தைச் சேர்ந்த ஒருவன் எங்கே வேண்டுமானாலும் சாப்பிட முடியும் என்று நினைத்ததே இல்லை என்கிறார்.

ஏப்ரலில் அந்த பஸ். ஜூனில் இந்த உணவகம்.

அந்தக் கோடையில் இன்னொன்றும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டை நடத்தும் பொறுப்பை அந்தப் பையன்கள் கிங்கிடம் கொடுத்தார்கள். பதினைந்து வயதில், தன்னைவிடப் பெரியவர்களும் இருந்த கூட்டத்துக்கு முன்னால் வாராவாரம் அவர் பேசினார். நான்கு வருடம் கழித்து, 1948-ல், இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, சமூகத்துக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்ற தவிர்க்க முடியாத உந்துதல் தனக்கு 1944 கோடையில்தான் வந்தது என்று எழுதினார். ஊர் திரும்பும்போது ரயில் வாஷிங்டனை அடைந்ததும் கறுப்பினத்தவருக்கான பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. உணவுப் பெட்டியில் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். தன் சுயத்தின் மேலேயே அந்தத் திரை விழுந்ததைப்போல இருந்தது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

நம் ஆட்கள் கிங்கைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடுகிற ஒரு விஷயம் உண்டு. மோர்ஹவுஸில் அவர் சுமாரான மாணவர். பள்ளியில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர்தான். ஆனால் கல்லூரிக்கு வந்த பிறகுதான் தன்னுடைய வாசிப்புத் திறன் எட்டாம் வகுப்பு அளவிலேயே நிற்கிறது என்று தெரிந்துகொண்டார். அவரே பதிவு செய்திருக்கிறார். கறுப்பினப் பிள்ளைகளுக்கு என்று பிரித்து, குறைந்த பணத்தில் நடத்தப்பட்ட பள்ளிகள் செய்த வேலை அது. மோர்ஹவுஸ் அவரை வெளியே தள்ளவில்லை. நான்கு வருடம் வைத்திருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் மேஸ் மாணவர்களிடம் பேசுவார். பேச்சு முடிந்ததும் கிங் அவரைப் பின்தொடர்ந்துபோய் வாதம் செய்வாராம். ஒரு கல்லூரித் தலைவர், சுமாரான மதிப்பெண் வாங்குகிற ஒரு பையனோடு நின்று வாதாட நேரம் ஒதுக்கினார்.

மேஸைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1894-ல் தென் கரோலினாவில் பிறந்தவர். அப்பா அம்மா இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். 1936 கடைசியில் இந்தியாவுக்கு வந்து, வார்தாவில் காந்தியோடு ஒன்றரை மணி நேரம் பேசினார். 1937 ஜனவரியில் மைசூரில் நடந்த ஒய்எம்சிஏ உலக மாநாட்டில் கலந்துகொண்டார். அந்தச் சமயத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர் அவரைப் பேச அழைத்தார். பிள்ளைகளிடம் அறிமுகப்படுத்தும்போது, இவரும் அமெரிக்காவின் தீண்டப்படாதவர்களில் ஒருவர், ஆனாலும் இவ்வளவு உயர்ந்திருக்கிறார் என்றார். மேஸுக்கு முதலில் கோபம். டாக்டர் பட்டம் பெற்ற தன்னை இப்படிச் சொல்வதா என்று அதிர்ந்துபோனார். யோசித்துப் பார்த்த பிறகு, என் நாட்டில் என் நிலை அதுதானே என்று ஒப்புக்கொண்டார். தன் வாழ்க்கை வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். இது நடந்து ஏழு வருடம் கழித்துத்தான் அவருடைய கல்லூரி அந்தப் பதினைந்து வயதுப் பையனைச் சேர்த்துக்கொண்டது. "அவங்களுக்கு மட்டும் ஏன்" என்று கேட்கிறவர்கள் அந்தத் தலைமை ஆசிரியரை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். தன் மாணவர்களுக்கு எப்படிப்பட்ட ஆளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இருபது வருடம் கழித்து, 1964 கோடை. இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். எனக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ஸ்ஃபர்ட் என்ற சின்ன ஊரில் வெஸ்டர்ன் பெண்கள் கல்லூரி என்று ஒன்று இருந்தது. கறுப்பினத்தவரை வாக்காளர்களாகப் பதிவு செய்யவும் பள்ளிகள் நடத்தவும் மிசிசிப்பிக்குப் போகவிருந்த நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களுக்கு அந்த ஜூன் மாதம் பயிற்சி நடக்க அந்தக் கல்லூரி தன் வளாகத்தைத் திறந்துவிட்டது. அங்கே பயிற்சி முடித்துக் கிளம்பியவர்களில் பலர் மிசிசிப்பியில் சுதந்திரப் பள்ளிகளை நடத்தினார்கள். தேவாலயங்களிலும் மரத்தடியிலும் நடந்த பள்ளிகள். 40-க்கும் மேற்பட்ட இடங்களில் 2,000-க்கும் அதிகமான மாணவர்கள் வந்தார்கள். கறுப்பின வரலாறு, அரசியல் சட்டம், கவிதை, கணக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் கேள்வி கேட்கப் பழக்கினார்கள்.

ஆகஸ்ட் மாதம் மெரிடியன் நகரத்தில் இந்தப் பள்ளிகளின் மாணவர்கள் ஒரு மாநாடு கூட்டினார்கள். பெரியவர்கள் ஓரமாக நிற்க, பிள்ளைகளே குழு குழுவாக உட்கார்ந்து வீட்டு வசதி, மருத்துவம், வேலை, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றுக்கும் தீர்மானம் எழுதி, திருத்தி, ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். அந்த ஊர்க்காரரான, இந்தப் பணியில் இருந்த ஜேம்ஸ் சேனிக்கு வயது 21. நியூ யார்க்கைச் சேர்ந்த சக தொண்டர்கள் மைக்கேல் ஷ்வெர்னர், ஆண்ட்ரூ குட்மன் இருவரோடும் சேர்த்து வெள்ளை இனவெறியர்களால் ஜூன் 21 அன்று கொல்லப்பட்டிருந்தார். ஆகஸ்ட் 4-ல்தான் உடல்கள் கிடைத்தன. சேனியை அடக்கம் செய்த அதே நாட்களில், அதே ஊரில், அந்தப் பிள்ளைகள் தீர்மானங்களின் வாசகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். பொறுக்கி எடுத்த முதல் மாணவர்கள் இல்லை அவர்கள். பள்ளிக்கு வரத் துணிந்த யாரும் வரலாம். வந்தவர்கள்தான் உட்கார்ந்தார்கள், எழுதினார்கள்.

அதே கோடையில் நியூ ஹாம்ப்ஷயரில் டார்ட்மத் கல்லூரி வசதி குறைந்த வீடுகளைச் சேர்ந்த 55 பையன்களைக் கூட்டி வந்து தங்க வைத்துப் படிக்க வைத்தது. நல்ல தனியார் பள்ளிகளில் அவர்களைச் சேர்ப்பதற்கான தயாரிப்பு அது. அடுத்த வருடம், 1965-ல், அரசாங்கமே பணம் போட்டு, வசதி குறைந்த ஹைஸ்கூல் மாணவர்களைக் கல்லூரிக்குத் தயார்படுத்தும் அப்வர்ட் பவுண்ட் என்ற திட்டத்தை 17 கல்லூரிகளில் ஏறத்தாழ 2,000 மாணவர்களோடு சோதனையாக நடத்திப் பார்த்தது. வறுமை ஒழிப்புக்காக அதிபர் ஜான்சன் கொண்டுவந்த 1964-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது அது. இன்றைக்கும் நாடு முழுவதும் கல்லூரிகளில் நடக்கிறது. நடிகை வயோலா டேவிஸ் அதில் படித்து வந்தவர்தான்.

அப்வர்ட் பவுண்டில் சேர யாரும் இனத்தைக் கேட்பதில்லை. ஒவ்வொரு இடத்திலும் மூன்றில் இரண்டு பங்கு மாணவர்களாவது குறைந்த வருமானமும் கல்லூரிப் பட்டம் வாங்காத பெற்றோரும் உள்ள வீடுகளிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். கோடையில் மாணவருக்கு மாதம் 60 டாலர் வரை கைச்செலவுக்குக் கொடுக்கலாம் என்றும் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். அறுபது டாலர் ஒரு தொகையா என்று கேட்பீர்கள். தொகை சின்னதுதான். ஆனால் அதை எழுதி வைத்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கிறது: இந்தப் பிள்ளைகளில் பலர் கோடையில் பர்கர் கடையில் வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் கொடுக்கிறவர்கள். ஒன்றரை மாதம் கல்லூரியில் வந்து தங்கு என்றால் அந்த வருமானம் போகும். 1944-ல் மோர்ஹவுஸ் இதைக் கூலி வேலையாகவே ஏற்பாடு செய்து சமாளித்தது. நான் போகிற பயிற்சியிலும் சிறிய உதவித்தொகை உண்டு. அது நின்றால் அடுத்த வருடம் யார் யார் வர மாட்டார்கள் என்று என்னால் இப்போதே பட்டியல் போட முடியும்.

அப்வர்ட் பவுண்டால் பலன் உண்டா என்று மேத்தமேட்டிகா என்ற ஆய்வு நிறுவனம் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்தது. விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் சிலரைச் சேர்த்து, சிலரைச் சேர்க்காமல், இரு தரப்பையும் ஒப்பிட்ட ஆய்வு. மொத்தமாகச் சராசரி எடுத்துப் பார்த்தால் கல்லூரியில் சேர்கிற விகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. திட்டத்தை எதிர்ப்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அதே ஆய்வின் 2004-ம் ஆண்டு அறிக்கையில் இன்னொரு முடிவும் இருக்கிறது. நான்கு வருடக் கல்லூரிப் படிப்பை முடிப்போம் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல் வந்த பிள்ளைகளைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பலன் பெரியது. அவர்கள் நான்கு வருடக் கல்லூரிகளில் சேர்வது நன்றாகவே கூடியிருந்தது.

எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. எப்படியும் கல்லூரிக்குப் போகப் போகிற பிள்ளைக்கு ஒரு கோடை கூடுதல் சந்தோஷம். போவோமா என்று யோசித்துக்கூடப் பார்க்காத பிள்ளைக்குத்தான், விடுதி அறைச் சாவியைக் கையில் கொடுத்ததும் ஏதோ ஒன்று மாறுகிறது.

எங்கள் பயிற்சியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு குழுவும் வளாகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு குறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைப் பற்றித் தாங்களே விவரம் சேகரித்து, தீர்வு யோசித்து, கடைசி வாரம் பேராசிரியர்கள் உட்கார்ந்த குழு முன்னால் சொல்ல வேண்டும். ஒரு குழு, நிழற்குடை இல்லாத ஒரு மார்ட்டா (அட்லாண்டாவின் பொதுப் போக்குவரத்து) பஸ் நிறுத்தத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் குழுவில் ஒரு பெண் இருந்தாள். பள்ளியில் அல்ஜீப்ராவில் சி கிரேடு வாங்கியவள். முதல் நாளே, "நான் மேடையில பேச மாட்டேன், வேற என்ன வேலை இருந்தாலும் குடுங்க" என்று சொல்லிவிட்டாள். எண்ணுகிற வேலையைக் கொடுத்தார்கள்.

தினமும் மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை ஒரு நோட்டோடு போய் உட்கார்ந்தாள். பயிற்றுநர் ஒருவர் துணைக்குப் போனார். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் எழுதச் சொல்லியிருந்தோம். மூன்றாம் நாள் அவளாகவே நோட்டில் இன்னொரு கட்டம் போட்டிருந்தாள். வெயில் தாங்காமல் ஆட்கள் நிறுத்தத்திலேயே நிற்பதில்லை. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கடைச் சுவரின் நிழலில் நிற்கிறார்கள். பஸ் வந்தால் ஓடி வருகிறார்கள். நிறுத்தத்தில் யாரும் இல்லை என்று நினைத்து சில பஸ்கள் நிற்காமலே போய்விடுகின்றன. அப்படி விட்டுப்போன பஸ்களையும், ஓடி வந்தவர்களில் யார் கையில் குழந்தை, யார் கையில் ஊன்றுகோல் என்பதையும் தனியாகக் குறித்திருந்தாள்.

கடைசி வாரம் அந்தக் குழுவில் நன்றாகப் பேசுகிற பையன்தான் பேசினான். அழகாகவே பேசினான். பேராசிரியர் ஒருவர், "எத்தனை பேர் பஸ்ஸை விட்டார்கள்?" என்று கேட்டார். பையன் திரும்பிப் பார்த்தான். பின்வரிசையில் இருந்த இவள் எழுந்து, நோட்டைப் பார்த்துத் தேதிவாரியாகப் படித்தாள். அதற்கப்புறம் கேள்விகள் எல்லாம் அவளிடம்தான். ஒரு சராசரியைச் சொன்னபோது இன்னொரு பேராசிரியர் நிறுத்தி, "இந்த எண் சரியாக வராதே, எப்படிப் போட்டாய்?" என்று கேட்டார். ஒவ்வொரு நாளின் சராசரியையும் எடுத்து, அந்தச் சராசரிகளுக்கு மறுபடி சராசரி போட்டிருந்தாள். மழை பெய்த ஒரு நாளில் பாதி நேரத்திலேயே திரும்பி வந்திருந்ததால் கணக்கு தப்பு. "சரி, திருத்தித் தருகிறேன்" என்று அங்கேயே நின்று, அடித்து, மறுபடி போட்டாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை, யாரும் சங்கடப்படவும் இல்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் புது எண்ணைச் சொன்னதும் பேராசிரியர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அந்த நிறுத்தத்துக்கு நிழற்குடை இன்னும் வரவில்லை. அந்தப் பெண் அடுத்த நாள் மாலை என்னிடம் வந்து, ஏன் அப்படிச் சராசரி போடக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பாடப் புத்தகத்தில் இருந்திருந்தால் அவள் பக்கத்தைத் திருப்பியிருப்பாள். இது அவள் வெயிலில் உட்கார்ந்து சேர்த்த எண்.

இனி நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்தப் பிள்ளைகளை யாரும் புதிதாகப் பிரிக்கவில்லை. இங்கே பள்ளிகளின் பணத்தில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்து வீட்டு வரியிலிருந்து வருகிறது. எந்தத் தெருவில் வீடு என்பதைப் பொறுத்துத்தான் பள்ளி அமையும். எந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம் என்பதைப் பல பத்தாண்டுகளாக வங்கிகளும் சட்டமும் சேர்ந்து முடிவு செய்திருந்தன. பிரிப்பு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு.

நம் வீட்டுப் பிள்ளை வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்டால், இந்தியர்களுக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை என்பார்கள், அதோடு போகும். நம் பிள்ளைகளுக்கு வேறு அழுத்தங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உயர்நிலைக் கணக்கு வகுப்பில் ஒரே கறுப்பினப் பிள்ளையாக உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் தப்பாகச் சொன்னால் அவனுடைய இனத்தின் கணக்கில் எழுதுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் கையைத் தூக்காமலே வருடத்தை ஓட்டிவிடுகிறான். என்னிடம் வரும் பிள்ளைகள் முதல் வாரம் முழுக்க விடையை வாய்க்குள்ளேயே சொல்வார்கள். இரண்டாவது வாரம் சத்தமாகத் தப்பாகச் சொல்வார்கள். எனக்கு அந்த இரண்டாவது வாரத்துக்காகத்தான் அங்கே போக வேண்டும்போல இருக்கும். அறையில் இருக்கிற எல்லோரும் தன்னைப்போலவே இருக்கும்போதுதான் ஒரு பிள்ளை தனி ஆளாக இருக்க முடிகிறது. அங்கே கெட்டிக்காரன் இருக்கிறான், சோம்பேறி இருக்கிறான், பாட்டுக்காரி இருக்கிறாள், யாரோடும் பேசாதவள் இருக்கிறாள். தப்பாகச் சொன்னால் அது அவன் போட்ட கணக்கு மட்டும்தான். அப்புறம் பொறுப்பும் அப்படியே: ஒரு மாடிக்கு இரவில் ஆள் எண்ணிப் பார்க்கிற வேலை ஒருத்திக்கு, சாப்பாட்டுக் கூடத்தோடு பேசுகிற வேலை ஒருவனுக்கு. தலைமைப் பண்பு என்று திரையில் படம் போட்டு எடுக்கிற வகுப்புகளும் அட்டவணையில் உண்டு. அவற்றை நான் பெரிதாக மதிப்பதில்லை.

இந்த மாதிரிப் பயிற்சிகளுக்கு இப்போது நல்ல காலம் இல்லை. 2023 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு சேர்க்கையைப் பற்றியது. 2025 பிப்ரவரியில் கல்வித்துறை ஒரு கடிதம் அனுப்பி, அந்தத் தீர்ப்பைக் கல்லூரியின் மற்ற எல்லா நடவடிக்கைகளுக்கும் நீட்டியது. மீறினால் அரசு நிதி போகும் என்றது. ஏப்ரலில் நீதிமன்றங்கள் அந்தக் கடிதத்தை நிறுத்தி வைத்தன; ஆகஸ்டில் மேரிலாந்தில் ஒரு நீதிபதி ரத்தே செய்தார். ஆனாலும் பயம் போகவில்லை. பல கல்லூரிகள் பயிற்சியின் பெயரிலிருந்து கறுப்பின என்ற சொல்லை எடுத்துவிட்டன, விண்ணப்பத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டன. 2025 மே மாதம் வெள்ளை மாளிகை அடுத்த நிதியாண்டுக்கு முன்வைத்த திட்டத்தில் அப்வர்ட் பவுண்டும் அதன் சகோதரத் திட்டங்களும் மொத்தமாக நீக்கப்பட்டிருந்தன. முன்மொழிவுதான், பணத்தை முடிவு செய்வது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ். ஆனால் எந்த இனத்துக்கென்றும் தனியாக இல்லாத திட்டத்தையும் நீக்கச் சொன்னார்கள் என்பதைப் பார்க்கும்போது, "எல்லாருக்கும் சேர்த்து நடத்தினா என்ன" என்ற கேள்வியை நண்பர் என்னிடம் கேட்டிருக்க வேண்டியதில்லை என்று தோன்றுகிறது.

விண்ணப்பத்தை எல்லோருக்கும் திறப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. இந்த வட்டாரத்துப் பிள்ளை யாராக இருந்தாலும் வரட்டும். எனக்குக் கவலை வேறொரு மாற்றத்தில். பணம் குறைந்தால் இடங்கள் குறையும். இடங்கள் குறைந்தால் மதிப்பெண் வரம்பை ஏற்றுவார்கள், ஏனென்றால் அதுதான் சுலபமான சல்லடை. நன்கொடை கொடுப்பவர்களிடம் காட்டவும் முதல் மாணவர்கள்தான் வசதி. எங்கள் பயிற்சியிலும் இந்த வருடம் அந்தப் பேச்சு வந்தது. நான் எதிர்த்துப் பேசினேன், இன்னும் சில ஆசிரியர்களும் பேசினார்கள். அல்ஜீப்ராவில் சி வாங்கியவளை அந்த வரம்பு முதல் நாளே வெளியே நிறுத்தியிருக்கும். 1944-ல் வாசிப்புத் திறன் ஹைஸ்கூல் அளவுக்கு இருந்தால்தான் சேர்ப்போம் என்று இருந்திருந்தால் சிம்ஸ்பரியில் ஞாயிற்றுக்கிழமை பேசியவருக்கும் அதே கதிதான்.

இப்போதைக்கு வரம்பு பழையபடியே இருக்கிறது. ஆனால் ஆசிரியர்களுக்கான பணத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள், அதனால் மாலை வேளைகளில் தன்னார்வலர்கள் அதிகம் தேவைப்படுகிறார்கள். அட்லாண்டாவில் இருக்கிற தமிழர்களில் கணக்கோ, வேதியியலோ, ஆங்கிலக் கட்டுரையோ சொல்லித்தரக்கூடியவர்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும். வாரத்தில் ஒரு மாலை வந்தாலே பெரிய உதவி. பிள்ளைகளோடு பழகும் வேலை என்பதால் கைரேகை எடுத்துப் பின்னணிச் சரிபார்ப்பு செய்வார்கள். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் ஜூன் வரை காத்திருக்காமல் இப்போதே சொன்னால் நல்லது. வண்டி நிறுத்த இடம் தருவார்கள், இரவுச் சாப்பாடு பிள்ளைகளோடு. விருப்பமுள்ளவர்கள் எனக்கு எழுதுங்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். கேள்வி கேட்ட நண்பருக்கும் எழுதியிருக்கிறேன். அவர் இயற்பியல் படித்தவர், செவ்வாய்க்கிழமைகளில் ஆள் இல்லை.